அலுமாரியில் கிடந்த பாலம்

எங்கள் பாடசாலையில் நூலகம் என்று சொல்வது அதிபர் அலுவலகத்துக்குப் பின்னால் நிற்கும் இரண்டு இரும்பு அலுமாரிகளைத்தான். ஒன்றில் தமிழ்ப் புத்தகங்கள். மற்றதில் ஆங்கிலப் புத்தகங்கள். இரண்டாவது அலுமாரிக்கு ஒரு வரலாறு உண்டு. 2005இல், சுனாமிக்குப் பிந்திய மாதங்களில், எங்கள் கரையோர ஊர்களுக்குக் கூடாரம் வந்தது, அரிசி வந்தது, இந்த வெயிலில் யார் போடுவது என்று தெரியாத கம்பளிச் சட்டைகள் வந்தன. அவற்றோடு மூன்று காட்போட் பெட்டிகளில் ஆங்கிலக் கதைப் புத்தகங்களும் வந்தன. எந்த நாட்டுப் பிள்ளைகளோ தாங்கள் படித்து முடித்தவற்றை அனுப்பியிருந்தார்கள். சிலவற்றின் முதற் பக்கத்தில் அவர்களுடைய பெயர்கள் பென்சிலால் எழுதப்பட்டிருந்தன. இலக்கமிட்டு, முத்திரை குத்தி, பதிவேட்டில் ஏற்றி, அடுக்கிப் பூட்டியாயிற்று.

2011 முதல் அந்தத் திறப்பு என் கையில். ஒரு புத்தகம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவன் நான். தொலையாமல் காப்பதற்கு மிகச் சிறந்த வழி யாருக்கும் கொடுக்காமல் இருப்பதுதான் என்பதை நூலகப் பொறுப்பாசிரியர்கள் எல்லோரும் அறிவர். பதின்மூன்று வருடங்களில் நான் ஒரு புத்தகத்தைக்கூடத் தொலைக்கவில்லை.

2024 டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, வருடாந்தப் பொருட் கணக்கெடுப்புக்காகத் தூசி தட்ட மகளையும் கூட்டிச் சென்றிருந்தேன். அவளுக்குப் பதின்மூன்று வயது. சில பாடங்களை ஆங்கிலமொழி மூலம் படிக்கிறாள். நான் இலக்கம் வாசிக்க அவள் பதிவேட்டில் சரி போட்டுக்கொண்டு வந்தாள். வேலை முடியும்போது மெல்லிய புத்தகம் ஒன்றை எடுத்து, "இத நான் கொண்டு போய்ப் பாத்துட்டுத் தரட்டா வாப்பா?" என்றாள். வாத்தியாரின் மகளுக்கு இல்லாத சலுகையா? கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் வீட்டில் முறைப்பாடு. "புள்ள சோதினைக்குப் படிக்கல்ல. கதப் புத்தகத்தோட படுக்கிறா. ராவைக்கு அழுகிறா" என்றாள் மனைவி. கதைப் புத்தகத்தைப் பார்த்துப் பிள்ளை அழுவதா? வகுப்பில் செய்வதைப் போலவே வீட்டிலும் செய்தேன். புத்தகத்தைப் பறித்து என் மேசை லாச்சியில் போட்டேன். அதில் என்னதான் இருக்கிறது என்று பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னேன். இப்படித்தான் நாற்பத்தைந்தாவது வயதில் நான் பிள்ளைகளின் நாவல் படிக்கத் தொடங்கினேன். நோக்கம் தணிக்கை.

கதரின் பற்றர்சன் என்ற அமெரிக்கப் பெண் எழுதிய 'பிரிஜ் டு டெரபித்தியா'. 1977இல் வந்தது. அடுத்த வருடம் அமெரிக்காவின் நியூபெரி பரிசைப் பெற்றது. கலாசாலையில் கற்ற என்னுடைய ஆங்கிலத்துக்கு அகராதி துணையோடு ஒன்பது இரவுகள் தேவைப்பட்டன. கையில் சிவப்புப் பேனை இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் எனக்கு நல்ல அறுவடை. ஜெஸ் என்று ஓர் ஏழைப் பையன். வகுப்பிலேயே வேகமாக ஓடுபவனாக வரவேண்டும் என்பது அவனுடைய ஆசை. புதிதாக வந்த லெஸ்லி என்ற பெண்பிள்ளை முதல் நாளே அவனை ஓட்டத்தில் தோற்கடித்துவிடுகிறாள். இருவரும் சிநேகமாகி, ஓடைக்கு மேலே தொங்கும் கயிற்றில் ஊசலாடி அக்கரைக் காட்டுக்குப் போய், அங்கே தங்களுக்கென்று ஒரு கற்பனை ராஜ்ஜியம் அமைக்கிறார்கள். ஆணும் பெண்ணும் தனியே காட்டில், கோடு போட்டேன். வாயாடல், சில கெட்ட வார்த்தை, கோடு போட்டேன். 1990களில் அமெரிக்காவிலேயே பெற்றோர்கள் பள்ளி நூலகங்களில் அதிகம் ஆட்சேபித்த நூல்களில் இதுவும் ஒன்று என்று பின்னர் அறிந்தேன். தகப்பன்மார் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலும்.

பிறகு அந்த அத்தியாயம் வந்தது. ஒரு நாள் காலை ஜெஸ்ஸுக்குப் பிடித்த ஆசிரியை அவனை வொஷிங்டனில் ஓவியக்கூடம் பார்க்க அழைக்கிறாள். லெஸ்லியையும் கூட்டிப் போகலாமா என்று அவன் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அந்த ஞாபகம் வரும்போது வாகனம் புறப்பட்டு விடுகிறது. தான் மட்டும் போவதில் உள்ளுக்குள் ஒரு சந்தோசமும் இருக்கிறது. மாலையில் திரும்பி வரும்போது வீட்டில் எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். மழையில் ஓடை பெருகியிருக்கிறது. லெஸ்லி தனியே போயிருக்கிறாள். கயிறு அறுந்துவிட்டது.

பேனையை மூடி வைத்துவிட்டு முற்றத்துக்குப் போய் நின்றேன். மனைவி எழும்பி வந்து, "என்ன, வெக்கையா?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. போயா தினம். எனக்கு இருபத்தைந்து வயது. கல்விக் கல்லூரி முடித்து நியமனம் கிடைத்த புதிது. தவணைக்குக் காசு கட்டி எடுத்த மோட்டார் சைக்கிளும் புதிது. சம்மாந்துறையில் ஒரு நண்பன் வீட்டுக்குப் போகப் புறப்பட்டேன். பின்னால் இன்னொரு நண்பன் ஏறியிருந்தான். எங்கள் வீட்டின் கடைக்குட்டி, பதினொரு வயதுத் தங்கச்சி, கடப்படிக்கு வந்து, "காக்கா, நானும் வரட்டா?" என்றாள். மூன்று பேர் போக முடியாது, அடுத்தமுறை கூட்டிப்போகிறேன் என்றேன். முன்னால் தாங்கியில் அவளை வைத்துக்கொண்டு எத்தனையோ தரம் போயிருக்கிறேன். அன்றைக்கு நண்பர்களோடு போகும்போது ஒரு சின்னப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக எனக்கு விருப்பமிருக்கவில்லை. அதுதான் உண்மை. ஒன்பது மணியளவில் கடல் வந்தது. நாங்கள் திரும்பி வந்தபோது காரைதீவுச் சந்தியிலிருந்து சம்மாந்துறைப் பக்கம் சனம் ஓடி வந்துகொண்டிருந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் இழப்பு பத்தாயிரத்தைத் தாண்டியது என்று பின்னர் கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கில் அவளும் ஒன்று. ஜனாஸா கிடைக்கவில்லை. வீடும் போனதால் அவளுடைய படம் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. கடப்படியில் அவள் நின்ற நிற்பை உம்மாவிடம் கேட்டதில்லை. மனைவிக்குத் தங்கச்சி ஒருத்தி இருந்தாள் என்பது தெரியும், அவ்வளவுதான். எங்கள் பகுதி வழக்கப்படி கலியாணத்தோடு நான் மனைவியின் வீட்டுக்கு வந்துவிட்டேன். உம்மா கடலிலிருந்து தள்ளிக் கட்டிக் கொடுக்கப்பட்ட வீட்டுத்திட்டத்தில் என் மூத்த தங்கச்சியோடு இருக்கிறார். பேசாமல் இருப்பதற்கு வசதியாகத்தான் எல்லாம் அமைந்திருந்தது.

அந்தப் புத்தகத்தில் ஜெஸ் தன் தகப்பனிடம் ஒரு கேள்வி கேட்கிறான். பள்ளிக்கூடத்தில் கேட்கக்கூடிய கேள்வி இல்லை. லெஸ்லி வேதநூலை நம்பாத பிள்ளை. ஆண்டவன் அவளை நரகத்துக்கு அனுப்பிவிடுவானா என்று கேட்கிறான். உழைப்பும் வறுமையும் முரடாக்கிய அந்த மனிதன், மகனைத் தொட்டுப் பேசியே பழக்கமில்லாதவன், சின்னப் பிள்ளைகளை ஆண்டவன் நரகத்துக்கு அனுப்பமாட்டான் என்று அடித்துச் சொல்கிறான். நம்மிடம் இதற்கு ஆயத்த விடை உண்டு. பருவமடையாத பிள்ளைகள் சுவர்க்கத்தில் என்று மறுகணமே சொல்லிவிடுவோம். உண்மைதான், உம்மா அதைப் பிடித்துக்கொண்டுதான் உயிரோடிருந்தார். ஆனால் அதை நாம் சொல்லும் வேகத்தில் கேட்ட பிள்ளையின் வாயும் மூடிவிடுகிறது. பொறுமை என்ற சொல்லை மௌனம் என்ற பொருளில் எங்கே கற்றோம் என்று தெரியவில்லை. குர்ஆன் அழகிய வரலாறு என்று சொல்லும் யூசுஃப் நபியின் கதையில், மகனைத் தொலைத்த தகப்பனின் கண்கள் துக்கத்தால் வெளுத்துப் போகின்றன. அந்தக் கதை தொடங்குவதே ஒரு சிறுவன் தான் கண்ட கனவைத் தகப்பனிடம் வந்து சொல்வதிலிருந்துதான். தகப்பன் அதைக் கேட்கிறார். அந்தக் கேட்டல்தான் எனக்குப் பிந்திப்போன பாடம்.

புத்தகத்தை மகளிடம் திருப்பிக் கொடுத்தேன். கோடுகளைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் பிழையா வாப்பா?" என்று கேட்டாள். பிறகு ஒன்றும் கேளாமல் கொஞ்ச நேரம் இருந்தவள், "மாமியும் தண்ணியிலதானே மவுத்தான? அவக்கு எத்தின வயசு?" என்றாள். பதினொன்று என்றேன். "அப்ப நான் மாமிய விட மூத்தவள்" என்றாள். அவள் எதற்காக அழுதாள் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த வருடம் இருபதாம் நிறைவு. பள்ளிவாசல்களில் துஆ, பாடசாலையில் இரண்டு நிமிட மௌனம். எல்லோரும் நினைவுகூர்ந்துகொண்டிருந்தார்கள், அவளுக்கு மாத்திரம் யாரும் எதையும் சொல்லவில்லை.

அன்றிரவு மோட்டார் சைக்கிள் கதையை முழுதாகச் சொன்னேன். தகப்பன் குற்றவாளியாக நிற்பதைப் பிள்ளை பார்க்கக்கூடாது என்று ஆசிரியர் பயிற்சியில் யாரும் கற்பிக்கவில்லை. ஆனாலும் அப்படி நம்பியே வாழ்ந்திருக்கிறேன். அவள் எனக்கு ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "ஜெஸ்ஸும் அப்பிடித்தான்" என்றாள்.

அதன் பிறகு அவள் படிப்பதை நானும் படிக்கத் தொடங்கினேன். அவள் முன்னால், நான் பின்னால். ஆங்கிலத்தில் இப்புத்தகங்களைத் தட்டுத் தட்டாகப் பிரித்திருக்கிறார்கள். ஏறத்தாழ எட்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை ஒரு தட்டு. அதற்கு மேல் பதின்ம வயதினருக்கு இன்னொரு தட்டு. இரண்டாவது தட்டின் மூத்த பிள்ளைகளில் ஒன்றாக 1967இல் வந்த 'தி அவுட்சைடர்ஸ்' என்ற நாவலைச் சொல்வார்கள். எஸ்.ஈ. ஹின்ரன் அதை எழுதத் தொடங்கியபோது பாடசாலை மாணவி. தன் வயதுப் பிள்ளைகள் உண்மையில் வாழ்வதைப் பற்றி ஒரு புத்தகமும் இல்லையே என்று தானே எழுதினாள்.

லண்டனிலுள்ள மச்சானின் பிள்ளைகள் படித்துவிட்டு அனுப்பிய பொதியில் பற்றிக் நெஸ்ஸின் 'எ மொன்ஸ்ரர் கோல்ஸ்' இருந்தது. 2011இல் வந்தது. இதன் கருவை உண்டாக்கியவர் ஷிவோன் டௌட் என்ற எழுத்தாளர். எழுதி முடிக்காமலே 2007இல் புற்றுநோயால் இறந்துபோனார். அதை வாங்கி நெஸ் எழுதினார். தாய் புற்றுநோயில் கிடக்கும் ஒரு பையனிடம் நள்ளிரவில் ஒரு மரம் நடந்து வந்து கதை சொல்கிறது. இறுதியில் அவனுடைய கதையை அவனே சொல்ல வேண்டும் என்கிறது. அவனுக்குள் இருக்கும் உண்மை பயங்கரமானது: வேதனை தாங்காமல், இது எப்படியாவது முடிந்தால் போதும் என்று அவன் நினைத்திருக்கிறான். ஒரு பிள்ளை இதை நினைக்கலாம், நினைத்ததால் அவன் பாவியாகிவிடவில்லை என்று பிள்ளைகளுக்கான புத்தகம் ஒன்று சொல்கிறது. எங்கள் வளர்ந்தவர்களின் இலக்கியத்தில்கூட இந்த இடத்தில் நாங்கள் ஒரு சொற்சிலம்பம் ஆடிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

அதே பொதியில் மைக்கல் மோர்பர்கோவின் 'ரன்னிங் வைல்ட்' இருந்தது, 2009. இது சுனாமிக் கதை. இந்தோனேசியக் கரையில் ஓர் ஆங்கிலேயச் சிறுவன் யானை மேல் இருக்கும்போது கடல் வருகிறது. யானை அவனைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஓடித் தப்பிக்க வைக்கிறது. மனிதர் நன்றாக எழுதியிருக்கிறார். யானையை எனக்கும் பிடித்துவிட்டது. மகள் மட்டும் முகத்தைச் சுளித்தாள். "அந்த ஊர்ப் புள்ளைகளுக்கு என்ன நடந்த வாப்பா?" மோர்பர்கோ அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவரல்லர். அவர் தன் ஊர்ப் பிள்ளைகளுக்காக எழுதினார். கேள்வி இந்தப் பக்கம்தான் வந்து விழுகிறது. சுனாமியைப் பற்றி நாம் எழுதிய கவிதைகளை அடுக்கினால் ஓர் அலுமாரி நிறையும். நானும் இரண்டு எழுதியிருக்கிறேன், அச்சிலும் வந்தன, அதிலே தங்கச்சி இல்லை, 'கடல் தாயே' இருக்கிறது. பதினொரு வயதுப் பிள்ளை கையில் எடுத்துப் படிக்க எழுதியது எத்தனை? 1990 ஓகஸ்ற்றில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் நடந்தபோது எனக்கும் பதினொரு வயது. பெரியவர்கள் திண்ணையில் குசுகுசுப்பார்கள். நாங்கள் கிட்டப் போனால் நிறுத்திவிடுவார்கள். என் தலைமுறை அரைகுறையாகக் கேட்டு வளர்ந்த தலைமுறை. மகளுக்கும் அதையே கொடுத்திருக்கிறேன்.

தமிழில் ஒன்றுமில்லை என்று சொல்ல வரவில்லை. கொழும்புப் புத்தகக் கண்காட்சிக்குப் போன நண்பர் ஒருவரிடம் சொல்லிச் சில நூல்களை எடுப்பித்தேன். இரா. நடராசனின் 'ஆயிஷா'வை மகள் ஒரே இருப்பில் முடித்தாள். கேள்வி கேட்பதற்காக அடி வாங்கும் மாணவி, அடி வலிக்காமல் இருக்க ஒரு மருந்தைத் தன்மேலேயே பரிசோதித்து இறந்துபோகும் கதை. எழுதியவரும் ஓர் ஆசிரியர். அதைப் படித்த பின் என் பழைய மாணவர் சிலரைச் சந்தையில் காணும்போது அவர்களுடைய உள்ளங்கையைப் பார்க்கும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல். பெரியவர்களால் சிறுமிகளுக்கு நேரும் தொல்லையை ஒரு மரப்பொம்மையின் வாயால் பேசுகிறது. இதை மகளுக்கு முன் நான் படித்தேன். பிறகு மனைவியிடம் கொடுத்தேன். பிறகு மூவரும் ஒரு பின்னேரம் இருந்து பேசினோம். அப்படியொரு பேச்சுக்கு வேறு வாசல் எங்கள் வீட்டில் இருக்கவில்லை. சிங்களத்திலோ 1947இலேயே மார்ட்டின் விக்கிரமசிங்கவின் 'மடோல் தூவ' வந்துவிட்டது. வீட்டை விட்டு ஓடித் தீவில் குடியேறும் உபாலியையும் ஜின்னாவையும் நான் தமிழிலும் படித்திருக்கிறேன். நம் பிள்ளை ஆமை முயலிலிருந்து நேரே பொன்னியின் செல்வனுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. இடையிலுள்ள ஓடையில்தான் கயிறு அறுகிறது.

இந்திய நூல்களையெல்லாம் படித்த பின் மகள் சொன்னது: "வாப்பா எண்டு கூப்பிடுற புள்ள ஒண்டும் இதுகளில இல்ல." நான் பஷீரின் உப்பப்பாவின் ஆனையை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆனை குழியானைதான் என்று பிள்ளைகள் கூச்சலிடும் இடத்தில் விழுந்து விழுந்து சிரித்தாள். ஆனால் அது 1951ஆம் ஆண்டு மலையாளக் கதை.

2025 நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு நாள், அவளாகவே தனியே வாப்பும்மா வீட்டுக்குப் போனாள். லுஹருக்குப் போனவள் மக்ரிபுக்குத்தான் திரும்பி வந்தாள். உம்மா பேசியிருக்கிறார். இருபது வருடமாக என்னிடம் பேசாத எல்லாவற்றையும் பேசியிருக்கிறார். தங்கச்சி எந்த நிறச் சட்டை போட்டிருந்தாள், எந்தப் பல் விழுந்து முளைக்காமல் இருந்தது, மூக்கு யாருடையது. (மகளுடைய மூக்காம்.) எல்லாவற்றையும் மகள் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்திருந்தாள். எனக்குக் காட்டமாட்டேன் என்றாள். சாப்பிட்டு முடித்த பிறகு கோப்பையைக் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி சொன்னாள்:

"மாமி அழல்லியாம் வாப்பா. நீங்க மோட்டார் சைக்கிள்ள போன உடன, வாளியத் தூக்கிட்டுச் சிப்பி பொறுக்கப் போயிட்டாவாம்."

இருபது வருடமாகக் கடப்படியில் அழுதுகொண்டு நின்ற பிள்ளை அன்றைக்கு அங்கிருந்து போய்விட்டது. கடலுக்குத்தான் போனது. இதில் நான் ஆறுதல் அடைவதா, இன்னும் உடைவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

இரண்டாம் தவணை தொடங்கியதும் அந்த அலுமாரியைத் திறந்துவிட்டேன். அதிபர், "தொலைஞ்சா சேர்?" என்றார். கட்டுகிறேன் என்றேன். ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளுக்காக வெள்ளிக்கிழமைகளில் கடைசிப் பாடவேளையில் ஒரு புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். ஜெஸ் ஓடை மேல் பலகைகளைப் போட்டுத் தன் தங்கச்சியை அக்கரைக்குக் கூட்டிப் போகும் கடைசி இடத்தைச் சொல்லும்போது என் குரல் உடையும் என்று பயந்தேன். உடையவில்லை, பின் வரிசையில் ஒரு பையன் பலகை வழுக்காதா என்று கேட்டுக் காப்பாற்றினான். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. அவன்தான் அந்தப் புத்தகத்தை எடுத்துப் போயிருக்கிறான். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பான். புதிதாக நான் திறந்த இரவல் கொப்பியில் அவனுடைய பெயருக்கு நேரே திருப்பிய திகதி இன்னும் எழுதப்படவில்லை. நான் கேட்கவுமில்லை.